செத்த டிஸ்க்கின் சான்றிதழ்

"இது செத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவ்வளவுதான் வேலை" என்றார் குன்வோர் ஸ்டென்ஹாமர்.

பேசிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கணினிக்கு வெளியே வயர் போட்டு மாட்டுகிற பழைய காலத்து ஹார்ட் டிஸ்க். அதன் முதுகில் அச்சடித்த வெள்ளை லேபிள்: 'பழுது'. அடுத்து வந்தது புத்தம் புது லேப்டாப். அதன் அடிவயிற்றிலும் லேபிள்: 'குடியிருப்போர் சங்கம். பொறுப்பு: குன்வோர், வீடு 12. கடவுச்சொல்:' என்று போட்டு, பக்கத்திலேயே கடவுச்சொல்லும் இருந்தது.

"பூட்டுமேலயே சாவியை ஒட்டி வெச்சிருக்கீங்களே" என்றாள் தூவா.

"எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணும்மா" என்றார் குன்வோர், சிரிக்காமல்.

தூவாவுக்கு இருபத்தொன்பது வயது. துப்பறியும் நிபுணர் சிக்ஸ்டன் ரூட்மார்க்கிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம். நோர்ஷோப்பிங் நகரத்தில் டிராம் பாதையோரம், ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு அறை. அதுதான் அலுவலகம். சிக்ஸ்டனுக்கு அறுபத்தொன்று ஆகிறது. துப்பாக்கி, துரத்தல் எல்லாம் அவர் தொழிலில் கிடையாது. காப்பீட்டு நிறுவனங்களும் சங்கங்களும் அவரிடம் வாங்கிப்போவது ஒரே ஒரு சரக்குதான். அவருடைய கையெழுத்து. அது விழுந்த காகிதத்தை அந்த ஊரில் யாரும் மறுபடி புரட்டிப் பார்ப்பதில்லை. மற்றபடி அவருக்கு வேண்டியது சூடான காபி. மேஜைக்கடியில் கிடக்கும் பழைய கணினியில் மாட்டிய ஒரு வட்டத் தட்டு நாள் முழுக்க அவருடைய கப்பைச் சூடாக வைத்திருக்கும். அந்தக் கணினி உயிரோடிருப்பதே அந்தத் தட்டுக்காகத்தான் என்பாள் தூவா.

விஷயம் இதுதான். குன்வோர் முப்பத்தாறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கத் தலைவி. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, அடித்தளத்தில் இருந்த பொதுச் சலவை அறையில் தீப்பிடித்தது. மின்சாரத்தில் சூடாகித் துணி உலர்த்தும் அலமாரியில் ஆரம்பித்த தீ. பராமரிப்பாளர் எவர்ட், கடைசிச் சுற்று வந்தபோது அலமாரியை அணைக்காமல் போய்விட்டார் என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு வேலை போயிற்று. வேலையோடு கிடைத்த வீடும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்தையும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

"வருஷா வருஷம் மார்ச் மாசம், ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னாடி எவர்ட்கிட்டேர்ந்து கடுதாசி வந்துடும். சலவை அறைக் கதவுப் பதிவைத் திறந்து பாருங்கன்னு. பதிவு படிக்கிற நிலையில இல்லைன்னு நாங்களும் பதில் போட்டுட்டே இருந்தோம். இந்த வருஷம் ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்த ஜோடி அடித்தளத்தைச் சுத்தம் பண்றேன்னு இறங்கி, இந்த டிஸ்க்கைத் தூக்கிட்டு வந்துட்டாங்க" என்றார் குன்வோர்.

"நல்லதுதானே?" என்றாள் தூவா.

"திறக்கலையே. புது கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணும் வரல. திறந்து காட்டணும், இல்லேன்னா வெளியாள் ஒருத்தர் திறக்க முடியாதுன்னு எழுதித் தரணும்னு தீர்மானம் போட்டுட்டாங்க. இன்னைக்கு ஆறு மணிக்குக் கூட்டம்."

"ஊர்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை எத்தனையோ இருக்கு. என்னை ஏன் தேடி வந்தீங்க?" என்று கேட்டார் சிக்ஸ்டன்.

குன்வோர் அவரைப் பார்த்தார். தேவைக்கு மேல் இரண்டு நொடி பார்த்ததாகத் தூவாவுக்குப் பட்டது.

"உங்க கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு. நாலு மணிக்கு வர்றேன்."

கதவு சாத்தியதும் சிக்ஸ்டன் பேனாவைத் திறந்தார்.

"பொணத்தைக் கண்ணால பார்க்காமலே சான்றிதழ் குடுக்கிற டாக்டரா நீங்க?" என்றாள் தூவா.

"இதுல பார்க்க என்ன இருக்கு? பழைய சாமான்."

"ஒரு தடவை மாட்டித்தான் பார்ப்போமே. அந்த எவர்ட் ஒன்பது வருஷமா கடுதாசி போட்டுட்டு இருக்கார். நமக்கு அஞ்சு நிமிஷம்."

அவர் பேனாவை மூடினார். விருப்பமில்லாமல்தான் மூடினார்.

புது லேப்டாப்பில் இருந்தது சின்னதாக இரண்டே துளை. டிஸ்க்கின் வயரோ பழைய அகலத் தலைக்காரன். அதற்காக குன்வோரே ஒரு இணைப்புத் துண்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். தூவா மாட்டினாள். டிஸ்க்கின் சின்ன விளக்கு மினுக்கியது. உள்ளே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு அடங்கிவிட்டது. திரையில் ஒரு மாற்றமும் இல்லை.

"பார்த்தியா? போயாச்சு" என்றார் சிக்ஸ்டன். அவர் குரலில் நிம்மதி.

தூவா பிடுங்கி மறுபடி மாட்டி, காதை டிஸ்க்கோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். டிக், டிக், டிக்.

"செத்தவங்க இப்படி முக்கிப் பார்க்க மாட்டாங்க. எழுந்திருக்கப் பார்க்குது, தெம்பில்லாம விழுந்துடுது. இதுக்கு நோய் இல்ல சிக்ஸ்டன், பசி."

"டிஸ்க்குக்குப் பசியா?"

"உள்ள ஒரு தட்டு சுத்தணும். சுத்தறதுக்கு மின்சாரம் வேணும். அதையும் இந்த வயர் வழியாத்தான் உறிஞ்சணும். பழைய டிஸ்க்குக்கெல்லாம் தீனி அதிகம். புது லேப்டாப் அளந்து அளந்து போடுது."

அவள் வயரை விரல்களுக்கிடையே உருவிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும் வயர் தடித்திருந்தது. லேபிள் அடிக்கிற அதே வெள்ளைப் பட்டையை யாரோ நேர்த்தியாக, சுருக்கமே விழாமல், ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

"வயர் பூரா ஒன்பது வருஷத் தூசி. பட்டை மட்டும் பளிச்சுனு இருக்கு பாருங்க. போன வாரம் சுத்தினதா இருக்கும்" என்றாள்.

"சுத்தக்காரம்மா. அறுந்துடப் போகுதுன்னு சுத்தியிருப்பாங்க."

தூவா நகத்தால் பட்டையை உரித்தாள். உள்ளே வயரோடு வயராகப் படுக்கவைத்துக் கட்டப்பட்டிருந்தது இன்னொரு கிளை. அதன் நுனியில் இன்னொரு தலை. இந்த மாதிரி டிஸ்க்குக்கு வயரில் இரண்டு கால் உண்டு. ஒன்று பேசவும் தின்னவும். மற்றது தின்ன மட்டும். இரண்டையும் ஊன்றினால்தான் அது எழுந்து நிற்கும்.

சிக்ஸ்டன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு காலைக் கட்டிப் போட்டுட்டு, நடக்கலைன்னு எழுதிக் கேக்கறாங்க."

"ஆமா. அந்தக் கட்டையும் எவ்வளவு அழகா கட்டியிருக்காங்க!"

தூவா தன் மேஜையிலிருந்து பல துளைகள் உள்ள ஒரு பட்டையைக் கொண்டுவந்தாள். சுவரிலிருந்து தனியாக மின்சாரம் வாங்கிக்கொள்ளும் ரகம். அதில் இரண்டு தலைகளையும் செருகி, அதன் வயரை லேப்டாப்பில் மாட்டினாள். டிக் சத்தம் ஒரே ஒரு தடவை வந்தது. அப்புறம் மெல்லிய விர்ர்ர். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது.

ஆனால் திரையில் அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"சுத்துது, ஆனா வாயைத் திறக்கல" என்றார் சிக்ஸ்டன். பழைய நிம்மதி எட்டிப் பார்த்தது.

"இருங்க." அவள் லேப்டாப்பின் உள்பட்டியலைத் திறந்தாள். மாட்டியிருக்கும் டிஸ்க்கெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். இதுவும் நின்றது. அடையாள எழுத்து மட்டும் இல்லை. "எந்த டிஸ்க்குக்கும் ஒரு எழுத்து வேணும். இதுக்கு வரிசைப்படி கிடைக்க வேண்டியது எஃப். புது லேப்டாப்புல அந்த எஃபை சங்கத்தோட நெட்வொர்க் ஃபோல்டர் பிடிச்சு உக்காந்திருக்கு. சலவை அறையில யாருக்கு எந்த நேரம்னு அவங்கவங்க பூட்டை மாட்டி வைக்கிற பலகை இருக்குமே, அதுல நம்ம நேரத்துல அடுத்த வீட்டுக்காரன் பூட்டை மாட்டிட்டுப் போனா நாம என்ன பண்ணுவோம்?"

"கதவுல திட்டி ஒரு சீட்டு ஒட்டுவோம்."

"டிஸ்க்குக்கு எழுதத் தெரியாதே. அதான் பேசாம வெளிய நிக்குது." அவள் அதற்கு வேறொரு எழுத்தைக் கொடுத்தாள். உடனே ஃபோல்டர்கள் வந்து நின்றன. வருட வாரியாக, மாத வாரியாக, ஒரு தூசு துரும்பில்லாத ஒழுங்கு.

அந்த நவம்பர். அந்த ஞாயிறு. சலவை அறைக் கதவை எந்தச் சாவி எப்போது திறந்தது என்ற பட்டியல். தூவா சத்தமாகப் படித்தாள்.

"ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ஆள் துவைக்கிற முறை முடியுது. ஒன்பது அஞ்சு, பராமரிப்பாளர் சாவி. எவர்ட் வந்து பூட்டிட்டுப் போறார். ஒன்பது இருபது..." அவள் நிறுத்தினாள். "ஒன்பது இருபதுக்கு யாரோ மறுபடி திறந்திருக்காங்க. வீட்டு எண் பன்னிரண்டு. ஒன்பது அம்பதுக்குப் புகை மணி."

சிக்ஸ்டன் லேப்டாப்பைக் கொஞ்சமாகத் தூக்கி அடிவயிற்று லேபிளைக் காட்டினார். குன்வோர், வீடு 12.

"அடேயப்பா!" தூவா துள்ளினாள். "இதே ஃபோல்டர்ல அந்தம்மா ஒட்டின அறிவிப்பும் இருக்கு. கேளுங்க. 'ஒன்பது மணிக்கு மேல் எவரும் சலவை அறைக்குள் நுழையக் கூடாது. கந்தல் துணியில் நெய்த தரைவிரிப்புகளை உலர்த்தும் அலமாரியில் போடக் கூடாது. பிறரை மதிக்கவும். குன்வோர்.' மத்தவங்களுக்கெல்லாம் எழுதி ஒட்டிட்டு, தன் விரிப்பை ராத்திரி திருட்டுத்தனமா காயப் போட்டிருக்காங்க. எவர்ட் ஜெயிச்சார் சிக்ஸ்டன்! இன்னைக்கு ஆறு மணிக்கு அந்த மனுஷனுக்கு..."

அவள் கை அடுத்த கோப்பைத் திறந்திருந்தது. பெயர் 'நிபுணர் அறிக்கை'. ஸ்கேன் செய்த ஒரு பக்கம். மூன்றே வரி.

தூவா அதைப் படித்தாள். அவள் கண் தன்னையறியாமல் விசைப்பலகையின் மூலைக்குப் போனது. அங்கே அழிக்கும் பொத்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். எவர்ட்டின் பதிவு இருக்கும், இந்த ஒரு பக்கம் மட்டும் இருக்காது. இவரும் பழைய சிக்ஸ்டனாகவே இருப்பார்.

"என்ன?" என்றார் அவர்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'அனுப்பப்பட்ட டிஸ்க்கைக் கணினியில் இணைத்துப் பார்த்தேன். டிக் என்ற சத்தம் தவிர எதுவும் இல்லை. அது பழுதானது, படிக்க இயலாது.' கீழே தேதி, ஒன்பது வருடத்துக்கு முந்தைய டிசம்பர். அதற்குக் கீழே, ஊரே நம்புகிற கையெழுத்து. சிக்ஸ்டன் ரூட்மார்க்.

அவர் இரண்டு முறை படித்தார். காப்பீட்டுக்காரர்கள் வருடத்துக்கு இருநூறு உறை அனுப்புவார்கள். உறைமேல் வெறும் வழக்கு எண் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. இருந்தாலும் கேட்டிருக்கலாம். மெதுவாகக் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். பழைய கணினி. முன்பக்கம் இரண்டே துளை.

"ஞாபகம் வருது" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "ரெண்டு தலை இருந்துச்சு. ஒண்ணை மாட்டினேன். இன்னொரு துளையில கப்புத் தட்டு இருந்துச்சு. காபி ஆறிடுமேன்னு... அதைப் பிடுங்கல."

தூவாவுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஆளிடம்தான் தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பே கசந்தது.

அவர் திடீரென்று நிமிர்ந்தார். என்ன இருந்தாலும் அது துப்பறிகிற மூளை. "தூவா, இந்த அறிக்கை இந்த டிஸ்க்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. செத்துவிட்டது என்று சான்றிதழ் வாங்கிய டிஸ்க். அந்தச் சான்றிதழே அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் சான்றிதழ் வந்த பிறகு யாரோ இரண்டு காலையும் ஊன்றி, டிஸ்க்கைத் திறந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஸ்கேன் செய்து, உரிய ஃபோல்டரில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நாலு மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது குன்வோர் வந்தார். மேஜைமேல் உரித்த வெள்ளைப் பட்டை கிடந்தது. அதைப் பார்த்தவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"விரிப்பு எங்கம்மாவோடது. மறுநாள் விருந்தாளிங்க வர்றதா இருந்துச்சு. ஈரமா இருந்துச்சு, முக்கால் மணி நேரம் ஓடட்டும்னு போட்டேன்" என்றார்.

"தீப்பிடிச்சது விபத்து. சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாங்களே" என்றாள் தூவா.

"தீயை மன்னிச்சிருப்பாங்க" என்றார் குன்வோர். "ஒன்பது மணிக்கு மேல நான் உள்ள போனதை? அந்தச் சீட்டை எழுதி ஒட்டினவளே நான்தான். படிக்கட்டுல ஏறி இறங்கும்போதெல்லாம் முப்பத்தாறு வீடும் என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும்."

"அதுக்கு ஒரு மனுஷனைத் தெருவுல விட்டீங்களா?"

குன்வோர் உரித்த பட்டையை எடுத்து ஒழுங்காகச் சுருட்டினார்.

"டிஸ்க்கை அப்பவே தூக்கிப் போட்டிருக்கலாமே?" என்றார் சிக்ஸ்டன்.

குன்வோர் திடுக்கிட்டார். "சங்கப் பதிவுகளைப் பத்து வருஷம் வெச்சிருக்கணும். விதி இருக்கு. இந்த வருஷக் கடைசி வரைக்கும் போயிருந்தா முறைப்படி மின்சாதனக் கழிவுத் தொட்டியில போட்டிருப்பேன்."

தூவாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

குன்வோர் சிக்ஸ்டன் பக்கம் திரும்பினார். "ஏன் உங்களைத் தேடி வந்தேன்னு கேட்டீங்களே. இந்த டிஸ்க் திறந்தா நஷ்டப்படற ஆளு இந்த ஊர்ல ரெண்டே பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு யாருன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். நீங்க இப்ப உண்மையை எழுதினா, ஒன்பது வருஷத்துல போட்ட கையெழுத்தையெல்லாம் ஒவ்வொருத்தரா எடுத்துட்டு வருவாங்க. இவனை நம்பி நாம என்னென்ன பண்ணினோம்னு. நல்லா யோசிங்க. பழுதுன்னு ஒரு வரி. நான் கீழ பேக்கரியில இருக்கேன்."

படியிறங்கும் சத்தம் அடங்கியது. சிக்ஸ்டன் ஒரு வெள்ளைத்தாளை முன்னால் இழுத்துப் போட்டார்.

"தூவா, ரெண்டு ஏலக்காய் பன் வாங்கிட்டு வா."

அவள் நகரவில்லை. "நான் திரும்பி வரும்போது இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கும்?"

அவர் பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "தெரியல" என்றார் கடைசியில். "அதனால போகாதே. இங்கயே உக்காரு. நீ பார்த்துட்டு இருந்தாத்தான் ஒழுங்கா எழுதுவேன்."

எழுதினார். ஒரு பக்கம் முழுக்க, அடித்தல் திருத்தலோடு. பதிவு, நேரம், வீட்டு எண், கந்தல் விரிப்பு. அப்புறம் தன் பழைய அறிக்கை, அது எப்படித் தவறானது என்பது, கப்புத் தட்டு உட்பட. இரண்டு பிரதி எடுத்தாள் தூவா. ஒன்றைப் பேக்கரியில் உட்கார்ந்திருந்த குன்வோரிடம் கொடுத்தார்கள். அவர் படித்து முடித்து, மடிப்பு நேராக வரும்படி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அழவில்லை. எவர்ட்டைப் பார்க்க சிக்ஸ்டனும் தூவாவும் டிராமில் ஏறும்போது மணி நாலே முக்கால்.

எவர்ட் இருந்தது ஊர்க்கடைசியில், ஒற்றை அறை வீட்டில். மெலிந்த, முழுக்க நரைத்த மனிதர். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். உள்ளே ஜன்னலடியில் இருந்த வெப்பக் குழாய்மேல் காலுறைகளும் இரண்டு சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன.

"கீழ சலவை அறை இருக்கு" என்றார், தூவாவின் பார்வையைக் கவனித்துவிட்டு. "நான் அந்தக் கதவைத் தொடறதில்ல. கழுவற தொட்டியிலயே துவைச்சுக்குவேன்."

தூவா தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். கந்தல் விரிப்பு என்று வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் போய் ஒரு இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்துவந்தார். அதில் மூன்று வரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து மாறவே இல்ல" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றார் சிக்ஸ்டன். "அன்னைக்கு நான்..."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே." எவர்ட் குரலை உயர்த்தவில்லை. "அந்த டிஸ்க்கைக் கடையில போய் வாங்கிட்டு வந்ததே நான்தான். மாட்டினதும் நான்தான். வயருக்கு ரெண்டு கால், ரெண்டையும் மாட்டணும்னு சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீங்க கூப்பிடுவீங்கன்னு அந்த டிசம்பர் பூரா நான் வீட்டை விட்டு வெளிய போகல."

சிக்ஸ்டன் வாசல் மிதியடிமேல் காலுறையோடு நின்றார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

அடுப்பிலிருந்து காபி மணம் வந்தது. எவர்ட் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று.

"கூட்டம் ஆறுக்குத்தானே?" என்று தூவாவைக் கேட்டார். "உள்ள வந்து உக்காரும்மா. ஒரு வாய் காபி குடிச்சிட்டு நாம ரெண்டு பேரும் போவோம்."

தூவா உள்ளே போய் உட்கார்ந்தாள். எவர்ட் இரண்டு கோப்பைகளிலும் காபி ஊற்றினார். அப்புறம் அலமாரியைச் சாத்தினார்.